கால்வாசி மெமரி

"என் டேட்டாபேஸ் மேல கை வெச்சது யாரு? நேத்து வரைக்கும் மெஷின் மெமரி மொத்தமும் கிடைச்சுது. இன்னிக்குக் கால்வாசி. யாரைக் கேட்டுக் குறைச்சீங்க?"

வேர்னா கத்த மாட்டாள். அடிக்குரலிலேயே ஆளை உரித்துவிடுவாள்.

வீடில்லாதவர்களுக்குக் குளிரில் படுக்க இடம் தேடித்தரும் சின்ன ஆபீஸ் அது, கனடாவின் வின்னிபெக்கில். நன்கொடைக் கணக்கு டேட்டாபேஸ் வேர்னாவுடையது. அதுவும், இந்தக் குளிர்காலத்திலிருந்து உதவி கேட்டு வரும் போன்களும், ஒரே மெஷினில்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஓரெஸ்ட் பெரோகிக் கொழுக்கட்டையை மென்று விழுங்கினான்.

"நான்தான் குறைச்சேன். அளவு வெக்கலேன்னா உங்க டேட்டாபேஸ் இருக்கிற மெமரியை எல்லாம் எடுத்துக்கும். எடுத்ததைத் திருப்பித் தராது."

"இத்தனை வருஷமா எடுத்துச்சே, யாரு பட்டினி கிடந்தா? மிச்சம் எங்க போகுது? ஐஸ்ல கல்லு தள்ளி விளையாடற உங்க கர்லிங் கிளப் போட்டோவெல்லாம் இதுலதான் ஓடுதா?"

"இல்ல."

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது வேர்னாவின் கட்சி. நேரே டைரக்டர் கெய்லிடம் போனாள். கெய்ல் ஓரெஸ்டை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"போன வாரம் போன் லைனைச் சாகடிச்சே. இப்ப திருட்டு வேறயா? அந்த மெமரி அளவை நீக்கிட்டுக் கிளம்பு. உன் கான்ட்ராக்ட் இதோட சரி."

ஓரெஸ்ட் அளவை நீக்கினான், கோட்டை மாட்டினான். வாசலில் மட்டும் நின்றான்.

"வேர்னா, பெரிய ரிப்போர்ட்டைப் பகல்ல ஓட்டாதீங்க."

"ஏன், கிளப்புக்கு இடிக்குமா?"

அவன் போனதும் முதல் வேலையாக ஓட்டினாள். குதிரையாய்ப் பறந்தது. பார்த்தாயா, திருடன்தான்.

"ஹலோ? சார், எந்த பஸ் ஸ்டாப்? ஹலோ?" காலையிலிருந்து ஹெட்செட்டும் காதுமாக உதவி போன்களை எடுத்துக்கொண்டிருந்த டோரீன் அதைக் கழற்றினாள். "லைன் மறுபடியும் செத்துடுச்சு. வெளியில மைனஸ் முப்பது. வேர்னா, ரிப்போர்ட் ஓட்டினியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? போன வாரம் ஓரெஸ்ட் பண்ணின கோளாறு..."

"அவனா? பகல்ல ஓட்டாதேன்னு சொல்லியும் அன்னிக்கு ஓட்டினது நீ. மெமரி இல்லாம லைன் செத்துச்சு. உன் வேலை போயிடுமேன்னு தன் தப்புன்னு ஏத்துக்கிட்டான். என்னையும் வாயைத் திறக்கக்கூடாதுன்னுட்டான். எங்க அவன்?"

வேர்னா ரிப்போர்ட்டை நிறுத்தினாள். எடுத்த மெமரி திரும்பவில்லை, லைன் எழவில்லை. தன் செல்போனில் ஓரெஸ்டின் நம்பரைப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்து, பதிவுக் குரல் வந்தது.

"ஓரெஸ்ட், வேர்னா பேசறேன். திரும்பி வந்து அந்த அளவை வெச்சுட்டுப் போங்க."