சுவர் வந்தால் திரும்பு

"ஓட விடலாமா டீச்சர்?" புரோகிராமிங் வகுப்பின் புது மாணவர் பட்டன்மேல் விரலை வைத்தபடி கேட்டார்.

"விடுங்க. நீங்க எழுதினதைத்தான் ரோபோ செய்யும்."

பட்டனைத் தட்டினார். சோப்புப் பெட்டி அளவிலிருந்த அந்தக் குட்டி ரோபோ சுவரை நோக்கிப் பாய்ந்தது.

"ஐயோ, இடிக்கப் போகுது டீச்சர். திரும்பு, திரும்பு."

"கத்தினா அதுக்குக் கேக்காது. சுவர் வந்தா திரும்பணும்னு எழுதியிருக்கீங்கல்ல? நம்புங்க."

மாணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். சுவருக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது ரோபோ அழகாகத் திரும்பியது.

"திரும்பிடுச்சு டீச்சர்" என்று நாற்காலியை விட்டே துள்ளினார்.

டீச்சர் அவர் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க பிரேக் கிடையாது மாஸ்டர். நாளைக்கு உங்க டிரைவிங் ஸ்கூல் காரை நான் ஓட்டித் திருப்பும்போது, உங்க பக்கத்து பிரேக்ல கால் வைக்காம இருங்க பார்ப்போம்."