திரும்பும் வழி

எங்கள் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். அதனால் தினமும் மதியம் மூன்று மணிக்கு லேப்டாப்போடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் அப்பாவும் வந்துவிடுவார்.

இன்றும் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று கேட்டதையே கேட்டார்.

"இன்னாம்மா கல்பனா, அந்தக் கெட்டுப்போன பக்கம் இன்னா ஆச்சு?"

எனக்கு அது போதும். முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.

கம்ப்யூட்டரின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். என்றாவது ஒரு நாள் அதில் ஒரு பக்கம் கெட்டுப்போகும். நிரல் எழுதியவர் யாருடைய தப்பும் இல்லை, மெமரி சிப்பில் வருகிற பழுது. உடனே பிராசஸர் அலறும். அந்த அலறலைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியது கெர்னல். மற்ற எல்லா நிரல்களையும் அடியிலிருந்து தாங்குகிற நிரல் அது.

கெட்ட பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை என்றால் குறி போட்டு ஒதுக்கிவிடலாம். சாதாரண நிரல் ஒன்று தொட்டுவிட்டால் அதை மட்டும் நிறுத்தலாம். மற்றவை தம் பாட்டுக்கு ஓடும்.

"கெர்னலே போய்த் தொட்டுட்டா?"

"மொத்த மிஷினும் நின்னுடும்பா."

அதைத் தடுப்பதுதான் என் வேலை. கெர்னல் தொட்டே ஆகவேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே போவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும், இங்கே பழுது வந்தால் இந்த வழியாகத் திரும்பு என்று. விழுந்த பிறகு வழி தேட நேரம் இருக்காது.

புரிந்ததா என்று கேட்கத் திரும்பினேன்.

அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே எங்கள் புளியமரம். போன மாசியில் தம்பி விழுந்த மரம். அதன் பிறகு யாரும் அதை உலுக்கவில்லை. பழம் தானாக உதிர்ந்து கிடக்கிறது.

"இன்னும் ஒரு கிளைடா" என்று அன்று கீழிருந்து சொன்னது அம்மா.

தம்பியின் காரியம் முடிந்த மறுநாள் அவள் தனியாக அங்கே போனாள். மயங்கி விழுந்து, பொழுது சாயும்வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு முறை என்றால் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர்.

விறகுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவள், இப்போது அந்த மரத்தடியில் நின்றிருந்தாள். ஒரு கை அடிமரத்தின் மேல்.

நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு. தெனமும்தான் வர்றா."

"வுழுந்துட்டா?"

"அதுக்குத்தான் இங்க உக்காந்துகினு கீறேன். உன் பொட்டி கதை கேக்கவா வர்றேன்?"

அம்மா கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சின்ன விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அப்பா உடனே எழுந்து, பாறைக்குப் பின்னால் நாயுருவிப் புதருக்குள் புகுந்து இறங்கினார். அவளுக்கு முன்னால் போய்க் கட்டிலில் படுத்துவிட வேண்டுமாம். அவர் பார்ப்பது அவளுக்குத் தெரியக் கூடாதாம்.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தார். அம்மா விறகை இறக்கிவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளு பூரா கட்டில்லயே கெடந்தா காலு இன்னாத்துக்கு ஆவும்?"

திட்டிக்கொண்டே அவர் காலடியில் உட்கார்ந்தாள். வேட்டி ஓரமெல்லாம் ஒட்டியிருந்த நாயுருவி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்தாள். தினமும் செய்து பழகிய கை.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.