ஒரே வெளிச்சம்

மாலை வெயில் பீங்கான் கோப்பைகளின் விளிம்பில் நிற்கிறது. பட்டறையின் இணையதளத்துக்கு நிறம் தேர்ந்துகொண்டிருக்கிறாள் ஷமீனா. பக்கத்தில் பட்டறையை நடத்தும் செல்வநாயகி. போன வருடம் இறந்துபோன செல்வநாயகியின் கணவர் குருமூர்த்தியின் பெயர்தான் பட்டறைக்கும். திரையில் பச்சைப் பின்னணி, செங்காவி எழுத்தில் அந்தப் பெயர். இரண்டும் அவர் கோப்பைகளுக்குப் பூசிய நிறங்கள். ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடக் கூடாதென்று இரண்டுக்கும் ஒரே வெளிச்ச அளவைக் கொடுத்திருக்கிறாள் ஷமீனா. நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு எப்படித் தெரியுமென்று பார்க்க, நிறத்தின் அடர்த்தியை மெல்லக் குறைக்கிறாள். பச்சை வெளிறுகிறது, காவி வெளிறுகிறது. பூஜ்யத்தில் திரை முழுக்க ஒரே சாம்பல். ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதி அடங்குகிறது.

"பேரு எங்கம்மா போச்சு?"

"அங்கயேதான் இருக்குதுக்கா. ரெண்டுக்கும் வெளிச்சம் ஒண்ணா இருக்குது, அதான் தெரியல. எழுத்த வெளுப்பாக்கிட்டா தெரிஞ்சிடும்."

செல்வநாயகி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கோப்பைக்கு நிறம் தரும் கிளேஸ் பூச்சும் இப்படித்தான், சுட்டபின் எந்த நிறம் வருவதானாலும் சூளைக்குப் போகும்வரை சாம்பலாகவே இருக்கும். குருமூர்த்தி தடவிப் பார்த்தே நிறம் சொல்வார். இவள் விரலும் பெயர் இருந்த இடத்தைத் தடவுகிறது. ஷமீனா எழுத்தை வெளுப்பாக்க மவுஸை நகர்த்துகிறாள்.

"மாத்தாதம்மா. வூட்லயும் அவரு இப்படித்தான் இருக்காரு."