நெலிடா அடித்த கத்தி

"இரும்படிக்கப் போறவளுக்கு எதுக்கு இவ்வளவு சிரிப்பு? சொல்லிக்கொடுக்கிறவன் ஆம்பளைதானே?" என்றான் அன்செல்மோ.

மனைவி நெலிடா கொல்லுப்பட்டறை வகுப்புக்குக் கிளம்பினாள்.

வந்ததும் அவள் சட்டையை மோந்து பார்ப்பான். கரிப்புகைதான் நாறும். ஒருநாள் பின்னாலேயே போய் வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தான். சுத்தியலும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்த அன்று, தானே அடித்த கத்தியை நீட்டினாள். "உனக்குத்தான்."

"இதுக்கா போனே? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"தெரியும். வேலியில உன் தொப்பி தெரிஞ்சுது."

அசடு வழியச் சட்டைப்பையைத் துழாவினான். கத்தியை இனாமாக வாங்கினால் உறவு அறுந்துபோகும், பேருக்காவது ஒரு பெசோ காசு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஊரான தாண்டில் பக்கத்து நம்பிக்கை.

நெலிடா அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"காசு வேணாம், அன்செல்மோ. சும்மாவே வச்சுக்கோ."