உறுதிமொழித் தாள்

கட்சிக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிப்பது இருபத்தாறு வருடங்களாக வேதரத்தினத்தின் வேலை. இம்முறை தாளை வாங்கியபோது மதுவிலக்கு வரியின் மேல் ஒயிட்னர் பூசியிருந்தது. கடன் வாங்கி இலவசம் தரமாட்டோம் என்ற வரியையும் காணவில்லை.

“விட்டுட்டு வாசிங்கண்ணே. கூட்டணிக்காரங்க முன்னால உக்காந்திருக்காங்க. ஜெயிச்சதும் திரும்ப எழுதிக்கலாம்” என்றார் மாவட்டச் செயலாளர்.

“போன தேர்தலுக்கும் இதத்தான் சொன்னீங்க. அப்ப அழிச்ச வரி எதுன்னு சொல்லுங்க, பாப்போம்.”

செயலாளருக்கு நினைவு வரவில்லை. தனக்கும் வரவில்லை என்பதுதான் வேதரத்தினத்துக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது.

மிச்சமிருந்த ஒரே வரியை வாசித்தார்: “தலைமைக்குக் கட்டுப்படுவோம்.” அரங்கமே உரக்கத் திருப்பிச் சொன்னது. அடுத்த வரிக்காக, நீட்டிய கைகள் இறங்காமல் காத்திருந்தன. அவர் நகத்தால் தாளைச் சுரண்டத் தொடங்கினார். அந்தச் சத்தம் மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது.