புதுநன்மைப் படம்

"அன்னிக்குக் காலையில ஆத்தாக்காரி அடிச்சிருக்கா. அதான் புள்ள ஓடிப்போயி பள்ளத்துல வுழுந்திருக்குது."

குழாயடியில் யாரோ சொன்னது ரோசம்மாள் காதில் விழுந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மணவாளன் காதிலும் விழுந்தது. மணவாளன் பத்திரிகை நிருபர். உடனே நோட்டைத் திறந்து எதையோ எழுதினான்.

ரோசம்மாள் பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

அடித்தது அவள் தங்கை இன்பமேரி. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றதற்கு ஒரு அறை. பிள்ளை எலிசா பள்ளத்தில் விழுந்தது அன்று சாயங்காலம், ஆட்டைத் தேடிப் போன இடத்தில். ஆனாலும் அந்த அறையையே நினைத்துக்கொண்டு இன்பமேரி நேற்று அடக்கம் முடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. பேப்பரிலும் வந்துவிட்டால் அவளை எழுப்பவே முடியாது.

மணவாளன் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, பாப்பா போட்டோ இருக்குதா?"

சுவரில் ஒன்று இருந்தது. மாதாகோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று வில்லியனூர் ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி.

"அது ஒண்ணுதாம்பா."

"குடுங்கக்கா. பத்திரமா கொண்டாந்துடறேன்."

மறுத்தால் கோபத்தில் இன்னும் ரெண்டு வரி சேர்த்து எழுதுவான் என்று பயந்து, கழற்றிக் கொடுத்தாள்.

"ஏண்டி குடுத்த?" என்றாள் பக்கத்து வீட்டுக் காசம்மாள். "பஸ்ஸுல மெட்ராஸ் பேப்பர் ஆபீசுக்குப் போன போட்டோ எந்த வூட்டுக்குத் திரும்பியிருக்குது?"

மதியத்துக்குள் வேறு பேப்பர்களிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரும் முதலில் கேட்டது போட்டோ.

"மணவாளன் வாங்கினு போயிட்டான்."

"ஆத்தா அடிச்சி ஓடின புள்ளையாமே! போட்டோ இருந்தா மொதப் பக்கம். வெறும் சேதியை எவன் போடுவான்?" என்று சலித்துக்கொண்டார் மூன்றாமவர். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மணவாளனின் பேப்பர் வந்தது. உள்பக்கத்தில் நாலு வரி. செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில் தேங்கிய மழைநீரில் எட்டு வயதுச் சிறுமி மூழ்கி இறந்தாள். பள்ளத்தைச் சுற்றி வேலி இல்லை. மூடச் சொல்லி ஊரார் இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

பேர் இல்லை. படம் இல்லை. அறையும் இல்லை.

"பேரு கூடப் போடலியே! இதுக்கா போட்டோவப் புடுங்கினு போனான்?" என்றாள் காசம்மாள்.

மூன்றாம் நாள் மணவாளன் வந்தான். ரோசம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"எங்கப்பா போட்டோ? மெட்ராசுல தொலைச்சிட்டியா?"

"வேற பேப்பர்காரங்க வந்தாங்களாக்கா?"

"மூணு பேர் வந்தாங்க. போட்டோ இல்லன்னதும் போயிட்டாங்க. அதுக்கின்னா இப்போ?"

"அப்புறம் யாரும் வரலியே?"

"வரல."

"மெட்ராசுக்கு அனுப்பவே இல்லக்கா."

மணவாளன் சைக்கிள் பையிலிருந்து, துணியில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்து வந்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பழைய ஆணியிலேயே மாட்டினான்.