காபி வேண்டாம்

“எனக்கு வேணாம் அத்தை” என்று மெர்வி கோப்பையை உள்ளங்கையால் மூடினாள்.

மேசையில் பேச்சு நின்றது.

காய்ச்சல் என்றாலும் காபி, சண்டை போட்டு முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாலும் காபி. அதுதான் அந்த வீடு. ஒரே ஒரு காலம் தவிர, அங்கே யாரும் காபியை மறுத்ததில்லை.

மாமியார் ஹில்க்கா கெண்டியைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றாள். பிறகு மருமகளைத் தாண்டி மகன் ஆர்டோவின் கோப்பைக்குப் போனாள். போகிற வழியில் மகள் தார்யாவை ஒரு பார்வை பார்த்தாள்.

மெர்வி அந்தப் பார்வையைக் கவனிக்கவில்லை. அவளுடைய கவனமெல்லாம் இடுப்புக்குக் கீழே இருந்தது.

இறுக்கு. பிடி. மெல்ல விடு.

சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சி. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்றிருந்தாள். அதோடு தினம் ஒரு மாத்திரை. காபி, பீர் இரண்டும் கூடாது.

“சிறுநீர் அடங்காம போறது நிறையப் பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதான்மா, அதுவும்...” என்று நர்ஸ் இழுத்தபோது மெர்வி அவசரமாகத் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இது யாருக்கும் தெரியக் கூடாது. ஆர்டோவுக்கும்கூட. மாத்திரைகள் வைட்டமின் குப்பிக்குள் இருந்தன. உள்ளாடைக்குள் வைக்கிற பட்டைகளைக் குளிர்கால பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

மாத்திரையால் வாய் உலர்ந்து கிடந்தது. தண்ணீரைப் பார்த்தால் ஆசை, குடிக்கப் பயம். இருமக் கூடாது. தும்மக் கூடாது. முக்கியமாக, தார்யா சிரிக்க வைத்துவிடக் கூடாது.

தார்யா அதற்குத்தான் தயாரானாள்.

“என்ன அண்ணி, சவுனா வேணாம், பீர் வேணாம், இப்ப காபியும் வேணாம். எங்கண்ணனைக் கட்டிக்கிட்டதுக்குச் சாமியாராவே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே, ஏரிக்கரையில் சவுனா என்ற நீராவிக் குளியல் அறையின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. இந்த மாத்திரைக்கு வியர்வை சரியாக வராது, அதிகச் சூட்டில் இருக்காதே என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது. சொல்லாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள். மாமியாரோடும் நாத்தனாரோடும் துணியில்லாமல் மேல் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தும்மல் வந்துவிட்டால்?

“தலைவலி” என்றாள்.

“தலைவலிக்கா பாத்ரூமுக்கும் மேசைக்கும் நடையா நடக்குறீங்க?” தார்யா கண்ணடித்தாள்.

தெரிந்துவிட்டது.

மெர்வியின் முகம் எரிந்தது. வாடை வந்துவிட்டதா? நாற்காலியில் ஏதாவது? கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆர்டோவைப் பார்த்தாள்.

அவன் தலைகுனிந்து காபிக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன. கேலிச் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பை அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஹில்க்கா கெண்டியை வைத்தாள். மேலங்கிப் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, ஏலக்காய் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய காலுறை. இரண்டு விரல் நுழையும் அளவு. ஒற்றைக் காலுறை.

“நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல” என்றாள். குரல் தாழ்ந்தது. “ஒன்னுதான் பின்னியிருக்கேன்மா. இன்னொன்னு, அது அழுற சத்தத்தைக் கேட்டப்புறம். போன தடவை அவசரப்பட்டு ரெண்டையும் முடிச்சுட்டேன்.”

அந்த இரண்டும் தேவாலயத்துக்குப் பின்னால், மண்ணுக்குள், அவற்றுக்குரிய கால்களில் இருந்தன.

‘அதுவும் பிள்ளை பெத்தவங்களுக்கு’ என்றுதான் நர்ஸ் முடித்திருப்பாள்.

இல்லை என்று சொன்னால் போதும். ‘பிறகு ஏன் காபி வேண்டாம்?’ என்று கேட்பார்கள். அதற்கான பதிலை அந்தக் காலுறைக்கு முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போன தடவை காபி வாசனை பட்டாலே அவள் எழுந்து ஓடியதை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை.

மெர்வி கோப்பையின் மேலிருந்து கையை எடுத்தாள். மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

“ஊத்துங்க அத்தை. நிறையவே ஊத்துங்க.”

ஹில்க்கா அவளையே பார்த்தாள். பிறகு ஊற்றினாள், விளிம்பு வரை.

ஆர்டோ, சவுனாவுக்கு விறகு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனான். தார்யா சர்க்கரைக் கிண்ணத்தை அண்ணியின் பக்கம் தள்ளி வைத்தாள்.

சூடு ஆறக் காத்திராமல் மெர்வி குடித்தாள், அடியில் இருந்த மண்டி நாக்கில் படும்வரை. கோப்பையை இறக்கியபோது மேசைமேல் காலுறை இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து பாத்ரூம் பக்கம் வேகமாக நடந்தாள்.

இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை.